கைக்கு எட்டியது உலைக்கு எட்டவில்லை: செவ்வாயின் வடதுருவச் சமவெளியில் பீனிக்ஸ், 2008

நிகழ்வு ஆய்வு

செவ்வாயின் துருவப் பகுதிக்குப் போன நாசாவின் பீனிக்ஸ் என்ற தரையிறங்கி, தேடிப்போன பனிக்கட்டியை முதல் மாதத்திலேயே கண்டுவிட்டது. அந்தப் பனியை அள்ளி, கைநீளத்துக்குள் இருந்த ஒரு சிறு உலையில் போட அதற்கு மேலும் 40 செவ்வாய் நாட்கள் ஆயின. போட்டு முடித்தபோது கோடை சரியத் தொடங்கியிருந்தது. அந்த 40 நாட்களில் நடந்தது என்ன, யார் எதை ஏன் முடிவு செய்தார்கள், பருவநிலை அதை எப்படி முடித்துவைத்தது என்பதே இந்த ஆய்வு. செவ்வாயின் ஒரு நாளைக்கு 'சோல்' என்று பெயர். அது 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. தரையிறங்கிய நாள் சோல் 0.

பின்னணி

1999 டிசம்பர் 3-ஆம் தேதி, செவ்வாயின் தென்துருவப் பகுதிக்கு அனுப்பப்பட்ட மார்ஸ் போலார் லேண்டர் இறங்கும்போது மௌனமானது. கால்கள் விரிந்தபோது ஏற்பட்ட அதிர்வை, கால் தரையைத் தொட்டுவிட்டதாக உணரிகள் தவறாகச் சொல்லியிருக்க வேண்டும், அதனால் தரைக்குச் சுமார் 40 மீட்டர் உயரத்திலேயே இயந்திரங்கள் அணைந்திருக்க வேண்டும் என்பதே விசாரணைக் குழு கண்ட மிகச் சாத்தியமான காரணம். இறங்கும்போது கலன் எந்தத் தகவலையும் அனுப்பும்படி அமைக்கப்படவில்லை. எனவே உறுதியாகச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

இந்தத் தோல்விக்குப் பின், அதே குடும்பத்தைச் சேர்ந்த 2001-ஆம் ஆண்டுத் தரையிறங்கியின் பயணமும் கைவிடப்பட்டது. பாதிக்கு மேல் கட்டி முடித்த அந்தக் கலன் கிடங்குக்குப் போனது. 2002-இல் மார்ஸ் ஒடிஸி சுற்றுகலன் காமாக் கதிர், நியூட்ரான் அளவீடுகளால் உயர் அட்சரேகைகளில் மேல் ஒரு மீட்டர் மண்ணுக்குள் ஏராளமான ஹைட்ரஜன் இருப்பதைக் காட்டியது. அந்த ஹைட்ரஜனுக்கு ஒரே இயல்பான விளக்கம் நீர்ப்பனி. கிடங்கில் இருந்த கலனை எடுத்து, இறந்துபோன கலனின் அறிவியல் கருவிகளை மேம்படுத்திப் பூட்டி, அந்தப் பனியைத் தொட்டுப் பார்ப்பது என்ற யோசனை நாசாவின் குறைந்த செலவுத் திட்டமான ஸ்கவுட் வரிசையில் முதலாவதாகத் தேர்வாயிற்று. அரிசோனா பல்கலைக்கழகம் தலைமை. மேலாண்மை ஜெட் உந்துவிசை ஆய்வகத்துடையது. வானிலை நிலையம் கனடாவுடையது. அதில் இருந்த அழுத்தமானி பின்லாந்துடையது. காற்றுத் திசைகாட்டி டென்மார்க்குடையது. சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயர் பொருத்தமாகவே வைக்கப்பட்டது.

பழைய கலனை எடுத்ததால் பணம் மிச்சமானது. ஆனால் பழைய கலனின் வரம்புகளும் கூடவே வந்தன. மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து மட்டும். நகரும் சக்கரங்கள் இல்லை. பூமியோடு நேரடித் தொடர்பும் இல்லை. மேலே பறக்கும் ஒடிஸி, மார்ஸ் ரீகானசான்ஸ் ஆர்பிட்டர் போன்ற சுற்றுகலன்களின் வழியாகத்தான் பேச முடியும். இந்த மூன்றும் கடைசி வாரத்தில் ஒன்றுசேர்ந்து வந்தன.

இடமும் காலமும்

வடக்கு 68.2 டிகிரி அட்சரேகை. வாஸ்டிடாஸ் போரியாலிஸ் என்ற பரந்த வடசமவெளி. முதலில் விரும்பப்பட்ட பகுதியை 2006-இல் புதிய சுற்றுகலனான மார்ஸ் ரீகானசான்ஸ் ஆர்பிட்டரின் உயர்தெளிவுக் கேமரா படமெடுத்தபோது, அது பாறைகளால் நிறைந்திருந்தது தெரிந்தது. மேசை அளவுப் பாறை ஒன்று போதும், கால் ஏறிக் கலன் கவிழ. இடம் மாற்றப்பட்டது. துருவப் பயணம் ஒன்றில் மேலிருந்து எடுத்த படம் தரையிறக்கத்தைக் காப்பாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

காலத்தைப் பொறுத்தவரை பேரம் பேச இடமில்லை. செவ்வாயின் அச்சுச் சாய்வு 25.2 டிகிரி. இந்த அட்சரேகையில் கோடை உச்சத்தின்போது நண்பகல் சூரியன் 47 டிகிரி உயரம் ஏறும். நள்ளிரவில்கூட அடிவானத்துக்கு மேல் மூன்றரை டிகிரி அளவுக்கு நிற்கும். அதாவது தகடுகளுக்கு நாள் முழுக்க ஏதோ ஒரு வெளிச்சம். அதே சாய்வு குளிர்காலத்தில் சூரியனை மாதக்கணக்கில் அடிவானத்துக்குக் கீழே தள்ளும். அப்போது வெப்பநிலை சுமார் மைனஸ் 125 டிகிரி செல்சியசுக்கு இறங்கி, காற்றின் பெரும்பகுதியாக உள்ள கார்பன் டை ஆக்சைடே தரையில் உறையும். கலன் அந்தக் குளிரைத் தாண்டி வரும் என்று வடிவமைத்தவர்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. திட்டம் 90 சோல்.

தரையிறக்கம்

2007 ஆகஸ்ட் 4-இல் கேப் கனாவெரலில் இருந்து டெல்டா 2 ராக்கெட்டில் புறப்பட்ட கலன், 2008 மே 25-இல் இறங்கியது. பழைய தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டது இங்கே முழுமையாகப் பயன்பட்டது. கால் உணரிகளின் மென்பொருள் திருத்தப்பட்டிருந்தது. இறங்கும் நேரம் முழுவதும் கலன் ரேடியோவில் பேசிக்கொண்டே வந்தது. பாராசூட் எதிர்பார்த்ததைவிட ஏழு விநாடி அளவுக்குத் தாமதமாக விரிந்ததால் கலன் குறித்த இடத்தைத் தாண்டி இருபது கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே போனது. ஆனாலும் இறங்குவதற்கெனக் குறித்த நீள்வட்டப் பரப்பின் ஓரத்துக்குள் நின்றது. 12 உந்துபொறிகள் விட்டுவிட்டுச் சுட்டு வேகத்தை விநாடிக்கு இரண்டரை மீட்டருக்குக் குறைத்தன. கலனின் சாய்வு ஒரு டிகிரிக்கும் குறைவு. பாராசூட்டில் தொங்கும் கலனைச் சுற்றுகலன் மேலிருந்து படமே எடுத்துவிட்டது.

முதல் வாரத்தில் இரண்டு சிறு தடங்கல்கள். சுற்றுகலனின் ரேடியோ ஒரு நாள் தானே அணைந்ததால் இரண்டாம் நாள் கட்டளைகள் போய்ச் சேரவில்லை. ரோபோக் கையைக் கிருமித் தொற்றிலிருந்து காத்த உறை முழங்கை அருகே முழுதாகச் சுருண்டு விலகவில்லை. இரண்டும் சரியாயின. ஆனால் 90 சோலில் ஒவ்வொரு சோலும் எண்ணப்படும் என்பதை அந்தத் தாமதங்கள் தொடக்கத்திலேயே காட்டின.

பனி கிடைத்தது

கையின் நீளம் 2.35 மீட்டர். அதன் முனையில் அகப்பை, அருகில் ஒரு கேமரா, அகப்பையின் பின்புறத்தில் மோட்டாரால் சுழலும் சிறு துருவி. அந்தக் கையைக் கலனுக்கு அடியில் நீட்டிப் படமெடுத்தபோதே உந்துபொறிகளின் வீச்சு மண்ணை ஊதிவிட்டு, கீழே இருந்த மழமழப்பான வெளிர்த் தளத்தை வெளிக்காட்டியிருந்தது தெரிந்தது.

முதல் அகழிகளில், சில சென்டிமீட்டர் ஆழத்தில் வெண்மையான பொருள் கிடைத்தது. அது உப்பா, பனியா என்ற வாதத்தை ஒரு எளிய சோதனை தீர்த்தது; அதற்குக் கருவிகூடத் தேவைப்படவில்லை. சோல் 20-இல் அகழியின் நிழலில் கிடந்த பகடைக்காய் அளவுத் துண்டுகள் சோல் 24 படத்தில் காணாமல் போயிருந்தன. உப்பு நான்கு நாளில் மறையாது. கார்பன் டை ஆக்சைடு பனியாக இருந்தால், அந்த வெப்பத்தில் ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது. மெல்ல ஆவியாகி மறைந்தது நீர்ப்பனிதான். செவ்வாயின் நிலத்தடிப் பனியை நேரில் கண்டதாக உலகம் கொண்டாடிய நாள் அதுதான். சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தது.

சல்லடைக்கு மேல் நின்ற மண்

கலனின் தளத்தில் டீகா என்ற வெப்ப ஆய்வுக் கருவி இருந்தது. அதில் எட்டு உலைகள். ஒவ்வொன்றும் பேனாவின் மை நிரப்புக்குழாய் அளவுதான். ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பயன்படுத்தலாம். மண்ணை 1,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, எந்த வெப்பத்தில் எவ்வளவு வெப்பத்தை மண் விழுங்குகிறது, எந்த வாயு வெளியேறுகிறது என்று அளப்பதே வேலை. பெரிய கற்கள் விழாதிருக்க உலைகளுக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் கண் சல்லடை. சல்லடைக்கு மேல் இரண்டு கதவுகள். மண் விழுந்ததை ஓர் ஒளிக்கற்றை உணரி அறிவிக்கும்.

ஜூன் 6 அளவில், சோல் 12-இல், நான்காம் எண் உலைக்கு முதல் மண் கொட்டப்பட்டது. ஒரு கதவு பாதிதான் திறந்திருந்தது. ஆனாலும் படத்தில் சல்லடை முழுக்க மண் தெரிந்தது. உணரி ஒரு துகளைக்கூடக் காணவில்லை. மண் சல்லடைக்கு மேலேயே, கொழுக்கட்டை மாவு கையில் ஒட்டி நிற்பதுபோல், கட்டியாக நின்றது.

பூமியில் இந்தக் கருவியைச் சோதித்தபோது பயன்பட்டது பெரும்பாலும் உலர்ந்து உதிரும் மண். செவ்வாய் மண்ணும் வறண்டதுதானே என்ற நினைப்பு அதற்கு அடிப்படை. அங்கே இருந்ததோ நுண்ணிய, ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் மண். குழு எடுத்த முடிவு: சல்லடையை அதிர்வூட்டும் கருவியை மறுபடி மறுபடி ஓட்டுவது. நாட்கணக்கில் ஓட்டினார்கள். ஏழாவது முயற்சியில், ஜூன் 11 அளவில், உலை நிரம்பிவிட்டது. அதிர்வின் பலனா, அல்லது சல்லடையின் மேல் நாட்கணக்கில் கிடந்ததில் மண் காய்ந்து அதன் பற்றுதல் குறைந்ததா என்று குழு அப்போதே சந்தேகித்தது. இரண்டாவது விளக்கத்தை அன்றே முழுதாக எடுத்துக்கொண்டிருந்தால் ஜூலை மாதம் வேறுமாதிரி போயிருக்கும் என்பது என் கணிப்பு.

அந்த வெற்றிக்கு விலை இருந்தது. அதிர்வூட்டியை இவ்வளவு நேரம் ஓட்டியதால் அந்த உலையின் மின்சுற்றில் ஷார்ட் ஏற்பட்டதாகத் தெரியவந்தது. இதற்கிடையில் மண்ணைக் கொட்டும் முறையும் மாறியது. அகப்பையை லேசாகச் சாய்த்து, துருவியின் மோட்டாரைச் சில விநாடிகள் ஓட்டினால் அந்த அதிர்வில் மண் மெல்லத் தூவலாக விழும். சுண்ணாம்புப் பொடி தூவுவதுபோல். உலர்ந்த மேல்மண்ணுக்கு இந்த முறை கடைசி வரை நன்றாகவே உழைத்தது.

சோல் 22-இல் இன்னொரு தடை. கலனின் மென்பொருள் பராமரிப்புக் கோப்புகளைப் பல்லாயிரக்கணக்கில் நகலெடுத்து ஃபிளாஷ் நினைவகத்தை நிரப்பிவிட்டது. அன்றைய அறிவியல் தரவு தொலைந்தது. குழு நினைவகத்தை நம்புவதையே நிறுத்தி, அன்றன்று எடுத்ததை அன்றன்று அனுப்பும்படி வேலைத்திட்டத்தை மாற்றியது. மென்பொருள் திருத்தப்படும் வரை கலன் இரவில் மறதியோடுதான் தூங்கியது.

'அடுத்ததே கடைசி' என்ற முடிவு

ஷார்ட்டை ஆராய்ந்த பொறியாளர்கள், அடுத்த உலையை இயக்கும்போது அது மறுபடி ஏற்படலாம், அப்போது கருவி முழுவதும் போகலாம் என்றார்கள். ஜூலைத் தொடக்கத்தில் மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது: டீகாவுக்குப் போடும் அடுத்த மாதிரியைக் கடைசி மாதிரியாக எண்ணுங்கள், அது பனி கலந்ததாக இருக்கட்டும்.

இந்த முடிவின் நியாயம் எளிதில் புரியும். திட்டத்தின் முதல் குறிக்கோள் பனியை உறுதிசெய்வது. ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டென்றால் அதை மேல்மண்ணுக்குச் செலவிட முடியாது. ஆனால் பக்கவிளைவும் உண்டு. மிக எளிதான மாதிரிகளைப் பின்னுக்குத் தள்ளி, மிகக் கடினமான மாதிரியை முன்னால் கொண்டுவந்தது அந்தக் கட்டளை. அந்த ஷார்ட் பிறகு கருவியை முடக்கவில்லை. ஆகஸ்டில் மற்ற உலைகளும் வேலை செய்தன. அதைப் பின்னால் நின்று சொல்வது எளிது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சுரண்டி, துருவி, ஒட்டி

தெரிவு செய்யப்பட்ட அகழிக்கு 'ஸ்னோ ஒயிட்' என்று பெயர். (எல்லா இடங்களுக்கும் குழந்தைக் கதைகளிலிருந்து பெயர் வைத்திருந்தார்கள்.) இரண்டு மூன்று மீட்டர் அகலமுள்ள பலகோணத் தரை மேடு ஒன்றின் நடுவில் அது இருந்தது. இங்கே கிடைத்தது முதல் அகழியில் பார்த்த வெண்பனி அல்ல. மண்துகள்களுக்கிடையே பனி நிரம்பி சிமென்ட்டாக இறுகிய கருமையான தளம். அகப்பையின் விளிம்பால் அதைச் சுரண்டினால், கோடு விழும், அவ்வளவுதான்.

ஜூன் 28-இல் 50 முறை சுரண்டினார்கள். கிடைத்தது 10 முதல் 20 கன சென்டிமீட்டர் வீதம் சில சிறு குவியல்கள். இரண்டு முதல் நான்கு தேக்கரண்டி. அந்தக் குவியலை அகப்பையால் வாரி எடுப்பது அதைவிடக் கடினமாக இருந்தது. ஆகவே துருவி. ஜூலை 15 சோதனையில் இரண்டு துளை போட்டு, சுமார் மூன்று கன சென்டிமீட்டர் துருவல் அகப்பைக்குள் வந்தது. முறை சரி என்று தெரிந்ததும், நேரத்தைப் பற்றிக் கவலை வந்தது. நொறுங்கிய பனிக்குப் பரப்பு அதிகம். வறண்ட காற்றில் அது விரைவாக ஆவியாகும். எனவே குளிர் கூடிய அதிகாலையில் துருவி, உடனே கொட்டி, உலையை மூடும்படி வேலை ஒத்திகை பார்க்கப்பட்டது.

ஜூலை 26 அளவில் நான்குக்கு நான்காக 16 துளைகள் துருவப்பட்டன. துருவல் அகப்பையில் ஏறியது. உலைக்கு மேல் அகப்பை கவிழ்க்கப்பட்டது; துருவி மோட்டார் அதிர்ந்தது; மறுபடி கவிழ்க்கப்பட்டது. சல்லடையில் விழுந்தது சில துகள்கள். படத்தில் மீதி மாதிரி அகப்பையின் உட்சுவரில் அப்படியே ஒட்டிக்கிடந்தது. அடுத்த முயற்சியிலும் அதே கதை.

ஏன் ஒட்டியது? காற்றழுத்தம் ஏறத்தாழ 8 மில்லிபார். நீரின் மும்மைப் புள்ளி (பனி, நீர், ஆவி மூன்றும் ஒன்றாக நிற்கும் நிலை) அழுத்தமான 6.1-ஐவிடச் சற்று அதிகம். ஆனாலும் தூய நீர் 0 டிகிரிக்குக் கீழே திரவமாகாது. பகல் உச்சமே மைனஸ் 20-களில்தான். தூய பனி அங்கே ஈரமாக வாய்ப்பில்லை. ஆனால் மண்ணில் தூய பனி மட்டும் இல்லை. மீகா என்ற ஈர வேதியியல் கருவி ஜூன் இறுதியில் நீரில் கரைத்துப் பார்த்த மண்ணில் அரை சதவீத அளவுக்குப் பெர்குளோரேட் உப்பு இருந்தது. அந்த முடிவு ஆகஸ்ட் 5-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. மக்னீசியம் பெர்குளோரேட் கலந்த நீர் மைனஸ் 65 டிகிரிக்கும் கீழே வரை உறையாமல் இருக்கக்கூடியது. வெயில் பட்ட உலோக அகப்பையில், துருவலின் உராய்வுச் சூட்டில், துகள்களின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் தோன்றிப் பசையாக வேலை செய்திருக்கலாம். இது விளக்கம்தான், நிரூபணம் அல்ல. ஆனால் வேதியியல் குழுவும் அகப்பையை இயக்கிய குழுவும் ஒரே மண்ணின் இரண்டு முகங்களை ஒரே மாதத்தில் பார்த்துக்கொண்டிருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

சோல் 64

குழு இப்போது தன் விருப்பத்துக்கு எதிரான ஒன்றைச் செய்தது. புதிய பனியைப் பிடிவாதமாகத் தேடுவதை விட்டு, இரண்டு நாள் திறந்து கிடந்து பாதி காய்ந்த மண்ணை ஜூலை 30-இல் உலை எண் 0-க்குக் கொட்டியது. அதில் பனி குறைவாக இருக்கும் என்பது தெரியும். ஆனால் விழும். விழுந்தது. உணரி துகள்களைக் கண்டது; உலை மூடியது.

சூடேற்றியபோது 0 டிகிரியில் வெப்பநிலை தேங்கி நின்றது: பனி உருகும்போது வெப்பம் அதற்குச் செலவாகும் தெளிவான அடையாளம். வெளியேறும் வாயுவை அளந்த நிறை நிறமாலைக் கருவியும் நீராவியைக் காட்டியது. செவ்வாயின் நீரை ஒரு கருவி தொட்டுச் சோதித்தது அதுவே முதல் முறை. ஜூலை 31-இல் செய்தி வெளியானது. திட்டமும் செப்டம்பர் இறுதி வரை நீட்டிக்கப்பட்டது.

சோல் 24-இல் கண்டது, சோல் 64-இல் உலைக்குப் போனது. அந்த 40 சோலும் வீணல்ல: வேதியியல், நுண்ணோக்கி, வானிலை வேலைகள் இடையறாது நடந்தன. ஆனால் 90 சோல் திட்டத்தில் உலைக்கருவியைப் பொறுத்தவரை பாதிக்கு நெருக்கமான காலம் ஒரு மாதிரிக்குப் போயிற்று.

வானிலைப் பதிவு

கலனின் தளத்தில் நின்ற 1.2 மீட்டர் கம்பத்தில் மூன்று உயரங்களில் வெப்பமானிகள். உச்சியில் கெவ்லார் இழைகளில் தொங்கும் சிறு குழல் ஒன்று காற்றில் சாய்வதைக் கேமரா படமெடுத்து வேகம் கணிக்கும். தொழில்நுட்பத்தில் இதைவிட எளிய கருவி அந்தக் கலனில் கிடையாது. அது கடைசி வரை பழுதாகவும் இல்லை.

கோடை உச்சத்தில், ஜூன் 25-ஐ ஒட்டி, பகல் வெப்பம் மைனஸ் 30-க்கு மேல் ஏறும், இரவு மைனஸ் 80-ஐ ஒட்டி இறங்கும். இரவில் கிழக்கிலிருந்து விநாடிக்கு 4 மீட்டர் அளவில் சீரான காற்று. பகலில் திசை சுற்றி வரும், அதிகபட்சம் 16 மீட்டர் வரை போனது. அந்தக் காற்றழுத்தத்தில் 16 மீட்டர் காற்று ஒரு மெல்லிய தள்ளலே. பூமியில் அதே வேகக் காற்று கிளையை ஆட்டும்.

காற்றழுத்தம் மே மாதத்தில் சுமார் 8.5 மில்லிபார். அக்டோபருக்குள் 7.5-க்குக் கீழே. கலனுக்கு எதுவும் ஆகவில்லை. வடக்கே கோடையென்றால் தெற்கே குளிர்காலம், அங்கே கார்பன் டை ஆக்சைடு தென்துருவத் தொப்பியில் பனியாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு துருவத்தின் பனி இன்னொரு துருவத்தின் அழுத்தமானியில் தெரிவது இந்தக் கோளின் வானிலையின் சிறப்பு.

லைடார் எனும் லேசர் கருவி வானத்தைச் செங்குத்தாக நோக்கிப் பச்சையும் அகச்சிவப்புமாகத் துடிப்புகளை அனுப்பியது. கோடையில் தூசு 4 கி.மீ. உயரம் வரை சீராகக் கலந்திருந்தது: பகல் வெப்பம் காற்றை அவ்வளவு உயரம் கலக்குகிறது. ஆகஸ்டின் நடுவில் காற்று குளிரத் தொடங்கியதும் ஒவ்வோர் இரவும் அந்த 4 கி.மீ. உச்சியில் நீர்ப்பனி மேகம் தோன்றியது. தரையை ஒட்டிப் பனிமூட்டமும். சோல் 99-ஐ ஒட்டி மேகத்திலிருந்து வளைந்து தொங்கும் வரிகள் பதிவாயின. அவை விழும் பனிப்படிகங்கள்: செவ்வாயில் பனி பெய்வதைக் கருவி ஒன்று கண்டது அதுவே முதல் தடவை. பகலில் மேலே கிளறப்பட்ட நீராவி இரவில் படிகமாகித் தரையை நோக்கித் திரும்புகிறது. அதே வாரங்களில் அதிகாலைப் படங்களில் தரையில் வெள்ளை உறைபனி தெரிய ஆரம்பித்தது.

அறிவியலுக்கு இது பரிசு. மின்பொறியாளருக்கு எச்சரிக்கை.

மின்கணக்கு

ஆகஸ்ட் இறுதியில் சூரியன் முதன்முறையாக அடிவானத்துக்குக் கீழே போனது. அதன்பின் ஒவ்வொரு நாளும் இரவு நீண்டது, ஹீட்டர்களின் தேவை கூடியது, தகடுகளின் வரவு குறைந்தது. வரவும் செலவும் எதிரெதிர்த் திசையில் போகும் குடும்பம் எவ்வளவு நாள் ஓடும் என்பது கணக்குத்தான். அக்டோபர் இறுதியில் பகல் உச்சமே மைனஸ் 45, இரவு மைனஸ் 96.

குழுவின் முடிவு: ஹீட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்து, எதை இழந்தால் குறைவாக இழக்கிறோம் என்ற வரிசையில் போவது. முதலில் கை, கைக் கேமரா, டீகா ஆகியவற்றின் ஹீட்டர். இதனால் ஒரு சோலுக்கு 250 வாட்-மணி மிச்சம். அணைக்கும் முன் கையின் நுனியில் இருந்த ஊசி உணரியை மண்ணுக்குள் குத்திவிட்டு நிறுத்தினார்கள். கை இனி அசையாவிட்டாலும் மண்ணின் ஈரத்தையும் வெப்பக் கடத்தலையும் ஊசி அளந்துகொண்டே இருக்கும். அசையாத கைக்கும் ஒரு வேலை கொடுத்தது இந்த நிகழ்வின் மிக நேர்த்தியான முடிவு என்று சொல்வேன். வானிலைக் கருவியும் கேமராவும் கடைசியாக அணைய வேண்டும் என்பது திட்டம்.

திட்டம் வரிசைப்படி நடக்கவில்லை. அக்டோபர் 27-இல் புழுதிப் புயல் ஒன்று வெளிச்சத்தை மறைத்தது. மறுநாள் கலன் பாதுகாப்பு நிலைக்குப் போனது. எதிர்பாராத விதமாக மாற்று மின்னணுப் பகுதிக்கு மாறி, இரண்டு பேட்டரிகளில் ஒன்றை நிறுத்திக்கொண்டது. அன்று இரவு பதில் இல்லை. அக்டோபர் 30-இல் ஒடிஸி மீண்டும் அதன் குரலைக் கேட்டது. கலன் இப்போது ஒவ்வோர் இரவும் பேட்டரி தீர்ந்து இறந்து, சூரியன் ஏறியதும் நினைவில்லாமல் விழித்துக்கொண்டிருந்தது. கடிகாரம் தெரியாததால் சுற்றுகலன் மேலே வரும்போது அது பேசுவது தற்செயல்தான். நவம்பர் 2-இல் வந்தது கடைசிச் சமிக்ஞை. நவம்பர் 10-இல் பயணம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.

குளிர்காலத்துக்குப் பின்

விழித்தெழும் அந்த நிரல் அடுத்த வசந்தத்திலும் வேலை செய்யக்கூடும் என்பதால் 2010-இல் ஒடிஸி காதுகொடுத்துக் கேட்டது. ஜனவரி முதல் மூன்று சுற்றுகளில் 150 தடவை. மே மாதம் 61 தடவை. எதுவும் கேட்கவில்லை. அந்த மே மாதப் படம் காரணத்தைக் காட்டியது: 2008-இல் கலனின் இரு பக்கமும் விழுந்த தகடுகளின் நிழல் இப்போது ஒருபக்கம் குறைந்திருந்தது. குளிர்காலத்தில் கலனைப் போர்த்திய கார்பன் டை ஆக்சைடு பனியின் எடையில் தகடு வளைந்தோ ஒடிந்தோ போயிருந்தது.

மறுபடி செய்தால்

பனியைக் கண்டுபிடிக்கும் கருவிகளில் குறை இல்லை. அகப்பைக்கும் உலைக்கும் இடைப்பட்ட ஓரடி வழியில்தான் எல்லாம் நின்றது. ஆகவே மாற்றம் அங்கேதான் தொடங்க வேண்டும். ஈர்ப்பு விசையை நம்பிக் கொட்டும் முறை, உப்பும் பனியும் கலந்த மண்ணுக்குப் பொருந்தாது. செவ்வாயில் ஈர்ப்பு விசை பூமியில் உள்ளதில் 38 சதவீதம்தான், பற்றுதல் மட்டும் குறையவில்லை. தள்ளும் தண்டு, சுரண்டி வழிக்கும் தூரிகை, வாயு வீசி இறக்கும் குழாய் போன்ற ஒன்று இருக்க வேண்டும். பின்னர் முன்மொழியப்பட்ட ஐஸ்பிரேக்கர் என்ற துருவத் திட்டத்தில் துருவியின் இடத்தில் ஒரு மீட்டர் ஆழத் துளைக்கருவி வந்தது இந்த அனுபவத்தின் நேர்வாரிசு.

சோதனை மண்ணும் மாற வேண்டும். உதிரும் மணலோடு, பெர்குளோரேட் கலந்து மைனஸ் 80-இல் உறையவைத்து, 8 மில்லிபாரில் வெயில் விளக்கின் கீழ்ச் சுரண்டிய மண்ணைச் சல்லடையில் கொட்டிப் பார்க்காமல் கருவியை ஏற்றக் கூடாது. உப்பு தெரியாத 2007-இல் இதைச் செய்திருக்க முடியாது. இன்று செய்யாததற்குச் சாக்கு இல்லை. உப்பின் இன்னொரு விளைவும் உண்டு: பெர்குளோரேட் சூடேறும்போது ஆக்சிஜனை விட்டு, மண்ணிலுள்ள கரிமப் பொருளை எரித்துவிடும். சூடேற்றித் தேடும் எந்தக் கருவிக்கும் இது பொருந்தும். 1976-இல் செவ்வாயில் இறங்கி மண்ணைச் சூடேற்றிக் கரிமப் பொருளைத் தேடிய வைக்கிங் கலன்கள் கண்டதைப் புதிதாகப் படிக்க வைத்ததும் இதுதான்.

வேலை வரிசையைப் பொறுத்தவரை, 'அடுத்ததே கடைசி' போன்ற ஒரு முடிவு வரும்போது எளிய மாதிரி ஒன்றைக் கைவசம் வைத்து, ஒரு காலக்கெடுவையும் கூடவே எழுதிவைப்பது நல்லது: கடின மாதிரி இத்தனை சோலுக்குள் விழவில்லையானால் பாதி காய்ந்ததைப் போடு என்று. சோல் 64-இல் செய்ததைச் சோல் 50-இல் செய்திருக்கலாம்.

மின்சாரத்துக்கு எளிய விடை கிடையாது. குளிர்காலத்தைத் தாங்க வேண்டுமானால் புளூட்டோனிய மின்மூலம் வேண்டும். அதன் வெப்பம் கலனைச் சுற்றியுள்ள பனித்தரையையே இளக்கும், அள்ள வந்த பனியைத் தானே கெடுக்கும். சூரியத் தகடு என்றால் 68 டிகிரிக்கு வடக்கே கிடைப்பது ஒரு கோடைதான், முதல் சோலிலிருந்தே அந்தக் கோடை கழிந்துகொண்டிருக்கிறது. இறங்கும் நாளைக் கோடை உச்சத்துக்கு இன்னும் முன்னே நகர்த்தினால் சில வாரங்கள் கூடும். ஆனால் வசந்தத்தில் அந்தச் சமவெளியின் மேல் கார்பன் டை ஆக்சைடு பனி இன்னும் விலகியிருக்காது.